விடியலுக்கு முன் காங்கேசன்துறைக் கடலில்

கப்பல் பயணம் என்றதும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவுக்கு வருவது ஹஜ்ஜுக் கப்பல்தான். பம்பாயிலிருந்து ஜித்தாவுக்குச் சென்று வந்த அந்தக் கப்பல்கள் 1995 ஆம் ஆண்டோடு நின்று போயின. அதன் பிறகு பிறந்த நம் பிள்ளைகளுக்குக் கப்பல் என்பது படத்தில் பார்க்கும் பொருளாகி விட்டது. நாற்பது வயது கடந்த எனக்கும் அப்படித்தான் இருந்தது. 2023 ஜூலையில் ஓர் உல்லாசக் கப்பலில் ஏறும்வரை.

மவுலவிக்கு உல்லாசக் கப்பலில் என்ன வேலை என்று சகோதரிகள் கேட்கலாம். வேலை எனக்கல்ல, என் மாமிக்கு. என் மனைவியின் தாயார் யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் பிறந்து வளர்ந்து, வாழ்க்கைப்பட்டவர். 1990 இல் வட மாகாண முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டபோது கைக்குழந்தையோடு புத்தளத்திற்கு வந்து, ஓலைக் கொட்டிலில் சில வருடங்கள் இருந்து, பிறகு சென்னைக்கு வந்து சேர்ந்தார். போர் 2009 இல் முடிந்த பிறகு எத்தனையோ பேர் போய்ப் பார்த்து வந்தார்கள். மாமி மட்டும் போகவில்லை. "போவம், போவம்" என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார்.

2023 ஜூனில் சென்னையிலிருந்து 'எம்ப்ரஸ்' என்ற கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கையைச் சுற்றி வரத் தொடங்கியது. செய்தியைப் பார்த்த என் மைத்துனர் சவூதியிலிருந்து பணம் அனுப்பி, உம்மாவை அழைத்துப் போக வேண்டும் என்று கட்டாயப்படுத்தினார். விமானம் என்றால் மறுத்திருப்பார். கடல் வழி என்றதும் மாமி மறுபேச்சுப் பேசவில்லை. என் மனைவி, மாமி, நான் என்று மூவருமாகப் புறப்பட்டோம்.

மிதக்கும் ஊர்

அது கப்பலே அல்ல, மிதக்கும் ஊர். 211 மீட்டர் நீளம், பதினொரு தளங்கள், ஏறத்தாழ 48,500 டன். பிரான்சு நாட்டின் சான் நசேர் என்ற துறைமுக நகரில் கட்டப்பட்டு 1990 இல் கடலில் இறங்கிய கப்பல் அது. அப்போது அதன் பெயர் 'நோர்டிக் எம்ப்ரஸ்'. பல ஆண்டுகள் அமெரிக்கக் கரையோரக் கடல்களில் ஓடி, பலமுறை பெயர் மாறி, கடைசியில் இந்தியக் கடலுக்கு வந்திருந்தது. கப்பலின் வயதைச் சொன்னபோது மாமி விரல் விட்டு எண்ணிப் பார்த்து, "நாங்க ஊரை விட்டு வெளிக்கிட்ட வருஷம்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

பகலில் அந்த ஊரில் இரைச்சல் அதிகம். நீச்சல் குளத்தைச் சுற்றிப் பாட்டு, மேடையில் ஆட்டம், சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டம். நாங்கள் சைவ உணவு மட்டும் எடுத்துக்கொண்டு, தொழுகைகளை அறையிலேயே முடித்துக்கொண்டு ஒதுங்கியே இருந்தோம். திருகோணமலையை விட்டுக் கப்பல் புறப்பட்ட இரவில் எனக்கு உறக்கம் வரவில்லை. படுக்கைக்கு அடியில் எந்திரத்தின் அதிர்வு, தூரத்து ஆலை ஓடுவதுபோல் கேட்டுக்கொண்டே இருந்தது. மூன்று மணியளவில் எழுந்து ஒளுச் செய்து, சுபுஹுத் தொழுகைக்கு மேல்தளத்தில் இடம் கிடைக்குமா என்று பார்த்து வரலாமென வெளியே வந்தேன்.

நள்ளிரவுக்குப் பின் அந்த நீண்ட நடைகளில் நடப்பது விநோதமான அனுபவம். இரு பக்கமும் ஒரே மாதிரிக் கதவுகள், ஒரே மாதிரி விளக்குகள், ஒரே மாதிரிக் கம்பளம். இரண்டு முறை திரும்பினால் எந்தப் பக்கம் முன், எந்தப் பக்கம் பின் என்று தெரியாது. சில கதவுகளுக்கு வெளியே சிறு பிள்ளைகளின் செருப்புகள் கிடந்தன. ஒரு கதவுக்குப் பின்னால் குழந்தை அழுதது. தாய் ஒருத்தி தாலாட்டும் குரலும் கேட்டது. ஆயிரத்துக்கும் அதிகமானோர் உறங்க, அவர்களையும் சுமந்துகொண்டு அந்த இரும்பு ஊர் இருட்டில் போய்க்கொண்டிருந்தது.

சூதாட்டக் கூடத்தைக் கடந்துதான் படிக்கட்டுக்குப் போக வேண்டியிருந்தது. எந்திரங்கள் ஆளில்லாமல் மினுக்கிக்கொண்டிருந்தன. ஒரே ஒருவர், என் வயதுக்காரர், ஓர் எந்திரத்தின் முன் இருந்தார். அவர் முகத்தில் மகிழ்ச்சியும் இல்லை, துக்கமும் இல்லை; கை மட்டும் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தது. சூதாட்டத்தின் தீமையைப் பற்றி எத்தனையோ ஜும்ஆக்களில் பேசியிருக்கிறேன். அந்த முகத்தைப் பார்த்த பிறகு, இனி அதைக் கோபமாகப் பேச முடியாது என்று தோன்றியது. ஸலாம் சொல்லத்தக்க அறிமுகம் இல்லை. மனதில் துஆச் செய்துவிட்டு நகர்ந்தேன்.

மேலே ஏறும்போது ரொட்டி வேகும் மணம் வந்தது. அந்த நேரத்திலேயே அடுக்களை விழித்துவிட்டது. காலையில் நாம் தட்டில் எடுத்து வைத்துக் குறை சொல்லும் ரொட்டிக்காக யாரோ இரண்டு மணிக்கே எழுந்து மாவு பிசைகிறார்கள். படியின் பித்தளைப் பிடியை ஓர் இளைஞர் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தார். மணிப்பூர்க்காரராம். என் தொப்பியைப் பார்த்துப் புன்னகைத்து, "தொழ இடம் தேடுகிறீர்களா?" என்று இந்தியில் கேட்டார். பின்பக்க மேல்தளத்தில் காற்று அதிகம், முன்பக்க ஓரத்தில் நாற்காலிகளுக்குப் பின்னால் நல்ல இடம் இருக்கிறது என்று கைகாட்டினார். வேறொரு முஸ்லிம் குடும்பமும் முந்திய வாரம் அங்கேதான் தொழுததாம். "எனக்கு இரண்டு வயதில் மகள் இருக்கிறாள். இப்போது உறங்கிக்கொண்டிருப்பாள்" என்று நான் கேட்காமலே சொன்னார். இரவில் விழித்திருப்பவர்களுக்கு அடுத்தவரிடம் ஏதாவது சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

இப்னு பதூதாவின் இரவு

மேல்தளத்தின் கனத்த கதவைத் தள்ளியதும் உப்புக் காற்று முகத்தில் அடித்தது. நீச்சல் குளத்தை வலை போட்டு மூடியிருந்தார்கள். நாற்காலிகள் அடுக்கிக் கிடந்தன. பகலில் கூத்தும் பாட்டுமாக இருந்த இடத்தில் இப்போது காற்றும் அலையும் மட்டுமே. வடக்கே அடிவானத்துக்குச் சற்று மேலே துருவ நட்சத்திரம் மங்கலாகத் தெரிந்தது. இந்தக் கடலில் அது பத்துப் பாகை உயரத்திலேயே நிற்கும். கொஞ்சம் மேகம் இருந்தாலும் மறைந்து விடும்.

எனக்கு இப்னு பதூதாவின் நினைவு வந்தது. அரபுக் கல்லூரியில் ஓதிய காலத்தில் அவருடைய பயண நூலைப் பாடமாக அல்லாமல் ஆசைக்காகப் படித்தவன் நான். 1344 இல் மாலத் தீவிலிருந்து புறப்பட்ட அவரைக் காற்று திசை மாற்றி இலங்கைக் கரைக்குக் கொண்டு வந்தது. புத்தளத்தில் அவர் சந்தித்த அரசர், யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி. அந்த அரசருக்குப் பாரசீக மொழி விளங்கியது என்றும், அவர் தம்மை மூன்று நாட்கள் விருந்தோம்பி, பாவா ஆதம் மலைக்குப் போக ஆட்களும் பல்லக்கும் கொடுத்தார் என்றும் நன்றியோடு எழுதியிருக்கிறார். முஸ்லிமல்லாத தமிழ் மன்னர் ஒருவர் ஒரு முஸ்லிம் பயணிக்குச் செய்த உபசாரம் அது.

திரும்பி மஃபர் நாட்டுக்கு, அதாவது நம் தமிழ்நாட்டுக் கரைக்கு வரும்போது அவருடைய கப்பல் ஆழமில்லாத நீரில் சிக்கி உடையத் தொடங்கியது. உடன் வந்த பெண்களையும் தோழர்களையும் முதலில் கரைக்கு அனுப்பிவிட்டு, அவர் உடைந்த கப்பலின் பின்பக்கத்தில் இரவைக் கழித்தார். விடிந்த பிறகுதான் அவ்வூர் மக்கள் படகில் வந்து மீட்டார்கள். இதே பகுதிக் கடலில், விடியலை எதிர்பார்த்து விழித்திருந்த அந்த மனிதரை நினைத்துக்கொண்டே மணிப்பூர் இளைஞர் காட்டிய மூலைக்குப் போனேன்.

அங்கே ஏற்கனவே ஒருவர் இருந்தார். வெள்ளைத் துப்பட்டி போர்த்து, கம்பியைப் பிடித்தபடி மாமி!

மாமி கேட்ட மஸ்அலா

"என்ன மருமகன், உங்களுக்கும் நித்திரை வரேல்லையா?" என்றார். மகளை எழுப்பாமல் இரண்டு மணிக்கே வந்து விட்டாராம். தஹஜ்ஜத் தொழுது முடித்துத் தஸ்பீஹோடு இருந்தார். தூரத்தில் மீன்பிடிப் படகுகளின் விளக்குகள் புள்ளிபுள்ளியாகத் தெரிந்தன. "அந்தப் பக்கம்தானே எங்கட ஊர்?" என்று இடப்பக்கம் காட்டினார். ஆம் என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மடியிலிருந்து ஒரு சிறு துணி முடிச்சை எடுத்தார்.

"இது ஒருத்தற்ற அமானிதம்" என்றார்.

அந்தக் கதையின் பாதி எனக்கு முன்பே தெரியும். 1990 ஜூனில் சண்டை மறுபடி மூண்ட பிறகு, அயல் வீட்டுத் தமிழ்ப் பெண் ஒருவர் தம் மகனை வெளிநாட்டுக்கு அனுப்பக் கொழும்புக்குப் போக வேண்டி வந்தது. வழியில் பறிபோகுமென அஞ்சி, தம் இரண்டு தங்கக் காப்புகளை, மூன்று பவுன், மாமியிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் அக்டோபர் 30 வந்து விட்டது. செவ்வாய்க்கிழமை காலை ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். எல்லோரும் ஒஸ்மானியாக் கல்லூரியில் கூட வேண்டும். இரண்டு மணி நேரத்தில் ஊரை விட்டுப் போக வேண்டும். மாற்றுடையும் சிறு தொகையும் தவிர ஒன்றும் கொண்டு போகக் கூடாது. வழியில் சோதித்து நகைகளை வாங்கிக் கொண்டார்கள். தம் நகைகளோடு அந்தக் காப்புகளும் போயின என்று மாமி சொல்லியிருந்தார்.

எனக்குத் திருமணமான புதிதில் இதைச் சொல்லி, "இதுக்கு நான் பொறுப்போ?" என்று கேட்டார். நான் அப்போது புதிதாகப் பட்டம் பெற்றவன். "அமானிதப் பொருள் காப்பவரின் கவனக் குறைவு இல்லாமல் போய் விட்டால் அவர் மீது ஈடு இல்லை. கவலையை விடுங்கள், மாமி" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். மாமியும் தலையாட்டினார். அத்தோடு தீர்ந்தது என்று நினைத்திருந்தேன்.

"நீங்க அண்டைக்கு முழுக்கக் கேக்கேல்லை, மருமகன்" என்று மாமி இருட்டில் சொன்னார். "அவங்கள் அதை எடுக்கேல்லை. நான்தான் குடுத்தனான். என்ர தோடு, சங்கிலி எல்லாம் கழட்டிக் குடுத்துட்டன். காப்பு ரெண்டும் பிள்ளைட துணிக்குள்ள முடிஞ்சிருந்தது. சோதிக்கிறவங்க பிள்ளைக்குக் கிட்ட வந்ததும் எனக்குக் கை கால் நடுங்கிட்டு. 'இதுவும் இருக்கு' எண்டு நானே அவிழ்த்துக் குடுத்தன். சும்மா இருந்திருந்தா, ஒருவேளை தப்பியிருக்கும்."

நான் பேச்சிழந்து நின்றேன். சகோதரிகளே, இந்த இடத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அமானிதப் பொருளை அக்கிரமக்காரன் பறித்துக்கொண்டால் காப்பவர் மீது ஈடு இல்லை என்பது ஒரு சட்டம். ஆனால் அவனுடைய வற்புறுத்தலுக்கு அஞ்சிக் காப்பவரே தம் கையால் எடுத்துக் கொடுத்தால்? யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில், இமாம் நவவீ அவர்கள் மின்ஹாஜ் நூலில் இதைத் தனியாகவே பேசுகிறார்கள். அப்போது பொருளின் சொந்தக்காரர் காப்பவரிடம் ஈடு கேட்கலாம், காப்பவர் பிறகு அதை அக்கிரமக்காரனிடம் கேட்டுப் பெறலாம் என்பதே அங்கு வலுவான சொல். எங்கள் ஹனஃபி மத்ஹபில் உயிருக்கு அஞ்சிக் கொடுத்தவர் மீது பொறுப்பு இல்லை. நான் ஓதிய கிதாபுகளில் இரண்டுமே இருந்தன. ஆனால் மாமியிடம், "எப்படிப் போயிற்று?" என்ற ஒரு கேள்வியை நான் கேட்கவில்லை. கேட்காமலே தீர்ப்புச் சொன்னேன். கேட்டவருக்கு ஆறுதல் சொல்லும் அவசரத்தில் கேள்வியைக் கேட்க மறந்தது ஆசிரியனுக்குப் பெரிய குறை.

"என்னை மன்னித்துக்கொள்ளுங்கள், மாமி. நான் விசாரித்துச் சொல்லியிருக்க வேண்டும்" என்றேன்.

"நீங்க என்ன சொல்லியிருந்தாலும் நான் செய்யிறதைத்தான் செய்திருப்பன்" என்று சொல்லி முடிச்சை அவிழ்த்தார். உள்ளே இரண்டு காப்புகள். சென்னையில் ரவிக்கை தைத்து, நோன்பு காலத்தில் பின்னிரவு வரை தையல் எந்திரத்தில் இருந்து, சிறுகச் சிறுகச் சேர்த்துச் செய்வித்தவை. அதே எடை, நினைவில் இருந்த அதே வேலைப்பாடு. ஒரு நாளும் அவற்றைக் கையில் போட்டுப் பார்த்ததில்லையாம். "மற்றவங்கட பொருள்" என்றார். பதினான்கு வருடமாக ஊருக்குப் போகாததன் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. வெறுங்கையோடு அந்தப் பெண்ணின் முகத்தில் விழிக்க மனமில்லாமல், காப்பு முழுமையாகும்வரை மாமி காத்திருந்திருக்கிறார்.

திசை மாறிய கப்பல்

நாலரை மணியை நெருங்கியபோது என் மனைவி எங்களைத் தேடி மேலே வந்தாள். சுபுஹு நேரமும் ஆகி விட்டது. முன்னிரவில் கப்பல் வடக்கு நோக்கி ஓடியபோது கிப்லா எங்கள் இடப்பக்கம் இருந்தது. இப்போது பருத்தித்துறை முனையைச் சுற்றிக்கொண்டு கப்பல் மேற்கே திரும்பிவிட்டது. எனவே கிப்லா ஏறத்தாழ கப்பலின் முகப்புப் பக்கமே, சற்று வலப்புறமாக அமைந்தது. திசைகாட்டியை வைத்துப் பார்த்து விரிப்பைத் திருப்பிப் போட்டோம். தொழுகையின் நடுவே கப்பல் திரும்புவது தெரிந்தால் நாமும் கிப்லா பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும்.

"ஆட்டமா இருக்கு, இருந்து தொழலாமோ?" என்று மாமி கேட்டார். இந்த முறை நான் அவசரப்படவில்லை. தலை சுற்றுகிறதா, விழுந்துவிடுவோம் என்ற பயம் இருக்கிறதா என்று கேட்டேன். கம்பியைப் பிடித்தால் நிற்கலாம் என்றார். அப்படியானால் நின்றே தொழுங்கள். நிற்க முடியாமல் மயக்கம் வந்தால் உட்கார்ந்துகொள்ளுங்கள் என்றேன். மாமி நின்றே தொழுதார்.

ஸலாம் கொடுத்துத் திரும்பியபோது பின்னால் கிழக்கு வெளுத்திருந்தது. இடப்பக்கத்தில் கரை, தட்டையான கறுப்புக் கோடாகத் தெரிந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை கிடையாது. கடலிலிருந்து பார்ப்பவருக்கு முதலில் தெரிவது பனை மரங்களின் தலைகள்தாம். மாமி அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார். என் மனைவி தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்று அந்தத் துணிக்குள் கிடந்த கைக்குழந்தை அவள்தான்.

சோனகத் தெரு

காங்கேசன்துறை, சீமெந்துத் தொழிற்சாலையால் பெயர் பெற்ற ஊர். அந்தத் தொழிற்சாலையும் 1990 இல்தான் நின்றது. போர்க்காலத்தில் துறைமுகத்தில் மூழ்கிக் கிடந்த கப்பல்களின் சிதைவுகளை இந்திய அரசின் உதவியோடு அகற்றித்தான் மறுபடி பாவனைக்குக் கொண்டு வந்தார்கள். எங்களுக்குக் கரையில் சில மணி நேரமே இருந்தது. மற்றவர்கள் நல்லூருக்கும் கீரிமலைக்கும் போக, நாங்கள் வாடகை வண்டி பிடித்துத் தெல்லிப்பழை, சுன்னாகம் வழியாக யாழ்ப்பாண நகரத்துக்குப் போனோம்.

இலங்கையின் சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிமும், கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராக இருந்தவருமான மர்ஹூம் ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள் 1911 இல் பிறந்தது யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில். கல்வியும் வாணிகமும் தையலுமாகச் செழித்திருந்த ஒரு சமுதாயம், சில மணி நேரத்தில் காலி செய்யப்பட்ட இடம் சோனகத் தெரு. கூரையில்லாத வீடுகளின் சுவர்களுக்குள் மரங்கள் வளர்ந்திருந்தன. அவற்றுக்கு நடுவே திரும்பி வந்து குடியேறிய குடும்பங்களின் வீடுகள். பள்ளிவாசலிலிருந்து ளுஹர் பாங்கு கேட்டது. மாமி நடுத்தெருவில் நின்று பதில் சொன்னார்.

மாமியின் வீடு இருந்த இடத்தில் கிணறு மட்டும் இருந்தது. அயல் வீடு நின்றது. ஆனால் வேறு ஆட்கள். முனைக் கடைக்காரப் பெரியவரிடம் விசாரித்தோம். அந்தக் குடும்பம் 1995 அக்டோபர் 30 அன்று, யாழ்ப்பாணத்துத் தமிழ் மக்கள் எல்லோரும் ஒரே இரவில் ஊரை விட்டு ஓடியபோது போனது, திரும்பவில்லை என்றார். "அதே தேதியா?" என்று மாமி இருமுறை கேட்டார். ஐந்து வருட இடைவெளியில், அதே தேதியில், அடுத்தடுத்த இரண்டு வீடுகளும் காலியாகியிருந்தன. "அந்த மனுசி எந்த ரோட்டால பிள்ளையளோட நடந்திச்சோ" என்று சொல்லி மாமி அழுதார். தமக்காக அவர் அன்று அழவில்லை.

எங்கள் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் கடைக்காரரிடமும் பள்ளிவாசலிலும் எழுதிக் கொடுத்தோம். காப்புகள் மறுபடி துணிக்குள் போயின. இரவு கப்பல் சென்னைக்குத் திரும்பியபோது மாமி மேல்தளத்துக்கு வரவில்லை. அறையில் நன்றாக உறங்கினார்.

இப்போது அந்தக் காப்புகள் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. யாருடையவை, எப்படி வந்தவை, கிடைத்தால் யாரிடம் சேர்க்க வேண்டும் என்பதை மாமி சொல்லச் சொல்ல நான் எழுதி, சாட்சிகளோடு வஸிய்யத்தாக வைத்திருக்கிறோம். தேடி முடியாவிட்டால் அந்தப் பெண்ணின் பெயரால் ஏழைகளுக்குக் கொடுக்கலாம் என்று சொன்னேன். "முதல்ல தேடி முடிப்பம்" என்கிறார் மாமி. 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பலும் தொடங்கியது. இடையிடையே நின்றாலும், 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. அதில் இன்னொரு முறை போய்ப் பார்க்க எண்ணம், இன்ஷா அல்லாஹ்.

சகோதரிகளே, நம் வீடுகளிலும் இப்படி அடுத்தவர் பொருள் ஏதாவது இருக்கக்கூடும். ஒரு பாத்திரம், ஒரு கடன், வாங்கிய ஒரு புத்தகம். சொந்தக்காரர் அடுத்த தெருவில் இருக்கும்போதே கொண்டுபோய்க் கொடுத்து விடுங்கள். ஆலிம்களிடம் மஸ்அலா கேட்கும்போது நடந்ததை முழுவதுமாகச் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். அந்த அயல் வீட்டுக்காரரை அல்லாஹ் மாமியின் ஆயுளிலேயே எங்கள் கண்ணில் காட்டுவானாக! ஆமீன்.